அஞ்சம்மாளின் முதுகுக்கு இரண்டு கம்பிகள்

திருச்சி விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறந்து, பஞ்சுக்குள் படுத்திருந்த இரண்டு கம்பிகளையும் எடுத்து மேசைமேல் வைத்தார். பென்சிலைவிட ஒல்லி, முழங்கை நீளம், பளபளவென்று டைட்டானியம். ஒன்றைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, “என்னம்மா, கோணிக்கிட்டு இருக்கு?” என்றார். கோணித்தான் இருக்க வேண்டும், திருவாரூர்ப் பக்கம் ஓர் அம்மாவின் முதுகெலும்புக்கு அளவெடுத்துச் செய்தது, வேறு யாருக்கும் பொருந்தாது என்று விளக்கினேன். கடிதங்களைப் புரட்டிப் பார்த்து எல்லாம் சரி என்றார். பெட்டியை மூடும்போது குரலைத் தாழ்த்தி, தனக்கு இடது கால் அடிக்கடி மரத்துப்போகிறதே, அதற்கும் முதுகுதான் காரணமா என்று கேட்டார்.

நான் மருத்துவர் இல்லை. மலேசியாவில் ஈப்போ நகரில், முதுகெலும்புக்கான கம்பிகள் செய்யும் சிறிய தொழிற்கூடம் ஒன்றில் பொறியாளர். இதை அந்தப் பயணம் முழுக்க எத்தனை பேரிடம் சொன்னேனோ தெரியாது, ஒருவர் காதிலும் விழவில்லை. வாடகைக் கார் ஓட்டுநருக்குக் கழுத்து, தஞ்சாவூர் விடுதி வரவேற்பறைப் பெண்ணின் மாமியாருக்கு இடுப்பு, பக்கத்து அறைக்காரருக்கு இரண்டும். தஞ்சாவூர்க்காரர்கள் வலியைச் சொல்வதிலும் ஒரு விருந்தோம்பல் வைத்திருக்கிறார்கள். தன் வலியைச் சொல்லிவிட்டு, “உங்களுக்கு எப்படி இருக்கு?” என்று என்னையும் கேட்டுவிடுகிறார்கள்.

என் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வயதானவர்களில் சிலருக்கு முதுகெலும்பின் வட்டுகள் தேய்ந்து, உடம்பு முன்பக்கமாகவும் பக்கவாட்டிலும் சரிந்துவிடும். நிமிர்த்துவதற்கு எலும்புகளில் திருகாணி பொருத்தி, இரு புறமும் கம்பி கொடுத்துக் கட்டுவார்கள். அந்தக் கம்பியை அறுவை அரங்கிலேயே, கட்டட வேலையில் வளைப்பதுபோல, மருத்துவர் கண் அளவில் வளைப்பதுதான் வழக்கம். கைதேர்ந்தவர்கள் அருமையாக வளைப்பார்கள். ஆனால் வளைக்க வளைக்க உலோகம் களைத்துப்போகும். நாங்கள் நோயாளியை நிற்க வைத்து எடுத்த எக்ஸ்ரேயை முன்கூட்டியே வாங்கி, அவர் எவ்வளவு நிமிர வேண்டும் என்று மருத்துவரோடு கணக்குப் போட்டு, அவருக்கென்றே வளைவு வைத்துச் செய்து அனுப்புகிறோம்.

தஞ்சாவூருக்கு எங்கள் கம்பி போவது இதுதான் முதல் முறை. அறுவை சிகிச்சையின்போது கூட ஒருவர் இருந்தால் நல்லது என்று அங்கே அறுவை செய்யும் மருத்துவர் நசீமா கேட்டார். என் மேலாளர் சீனர். யோசிக்கவே இல்லை, “உனக்குத்தான் அவர்கள் பாஷை தெரியுமே, நீ போ” என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார்.

பாஷை தெரியும்தான். முதல் நாள் காலை ஆட்டோக்காரரிடம், பசியாற நல்ல கடைக்குப் போங்கள் என்றேன். அவர் திரும்பிப் பார்த்தார். எங்கள் ஊரில் காலை உணவுக்கு அப்படித்தான் சொல்வோம். இவருக்கு நான் ஏதோ பட்டினியாகக் கிடந்து வந்தவளாகத் தோன்றியிருக்க வேண்டும். வழியில் ஒரு வார்த்தை பேசாமல், அவசர ஊர்தி ஓட்டுவதுபோல ஓட்டிக்கொண்டு போய் ஒரு கடை வாசலில் இறக்கிவிட்டார். கடையில் இட்லிக்குக் கடப்பா என்று ஒன்றை ஊற்றினார்கள். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் தேங்காயும் சோம்பு வாசனையுமாக, குருமாவுக்கும் சாம்பாருக்கும் நடுவில் எங்கேயோ நிற்கிறது. ஈப்போக்காரிக்குக் காப்பி விஷயத்தில் கர்வம் உண்டு, அதை நான் மறைப்பதில்லை. அந்தக் கடையின் டபராவை இரண்டாம் முறை காலி செய்தபோது கர்வம் கொஞ்சம் குறைந்தது.

மருத்துவர் நசீமாவை மருத்துவமனையில் பார்த்தேன். நடுவயது, சின்ன உருவம், வேகமான நடை. அவர் அறையில் நோயாளிக்கான நாற்காலியைக் கதவிலிருந்து எட்டத் தள்ளிப் போட்டிருக்கிறார். கதவிலிருந்து நாற்காலி வரை நோயாளி நடந்து வரும் நடையை அவர் பார்க்க வேண்டுமாம். பாதி நோய் அந்த நடையிலேயே தெரிந்துவிடும் என்றார். நான் இருந்த நேரத்தில் வந்த ஒவ்வொருவரையும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார். எனக்கு அவரை உடனே பிடித்துவிட்டது.

எங்கள் கம்பிகளுக்கு உரியவர் பெயர் அஞ்சம்மாள். அறுபதை ஒட்டிய வயது. சின்னப் பெண்ணாக இருந்ததிலிருந்து நடவு வேலை. கணவர் இல்லை, ஒரே மகள் மலர்விழி அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. முதுகு முழுக்கக் கம்பி கட்டிவிட்டால் இனிமேல் குனிந்து நாற்று நட முடியாது என்று நசீமா முதலிலேயே விளக்கியிருக்கிறார். அஞ்சம்மாள் அதற்குச் சம்மதித்து, தன் இரண்டு மா நிலத்து நடவை வேறு ஆட்களிடம் விட்டுவிட்டார். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் எங்கேயும் உட்காராமல் நடந்து போக வேண்டும்.

அந்த அம்மாவுக்குக் கம்பி செய்தவரைப் பார்க்க ஆசை, நாளை சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார், போய்விட்டு வாருங்கள் என்றார் நசீமா. அதற்கும் அடுத்த நாள் மாலைதான் அவர் மருத்துவமனையில் சேருவதாக ஏற்பாடு.

மறுநாள் திருவாரூர் பஸ்ஸில் ஏறினேன். நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் மூடியிருந்தது. எஞ்சின் ஒன்று முன்னே போனது, பின்னே வந்தது, மறுபடி முன்னே போனது. எங்கள் நாட்டில் இப்படி ஒரு கேட் இருந்தால் இதற்குள் பத்து பேர் ஹாரன் அடித்திருப்பார்கள். இங்கே பஸ்ஸிலிருந்து பாதிப் பேர் இறங்கி டீ குடித்து, வேர்க்கடலை வாங்கி, ஓட்டுநரோடு அரசியல் பேசிவிட்டு ஏறினார்கள். பக்கத்து இருக்கைக்காரம்மா எனக்கும் ஒரு பொட்டலம் கொடுத்து, பூர்வீகம் எது என்று கேட்டார். தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினார், அதற்கு முந்தியது தெரியாது என்றேன். “அப்படின்னா நம்ம பக்கந்தான்,” என்று அவரே முடிவு செய்துவிட்டார்.

எனக்குப் பச்சை புதிதில்லை. நான் பிறந்தது தோட்டத்தில். ஆனால் எங்கள் பச்சை, எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களின் கரும்பச்சை, தலைக்கு மேல் கவிந்திருக்கும். இங்கே பச்சை காலடியில் கிடக்கிறது, தலைக்கு மேல் வானம் மட்டும். சம்பா நடவு நேரம். நாற்றங்கால் ஒரு நிறம், நட்டு முடித்த வயல் ஒரு நிறம், உழுது தண்ணீர் கட்டிய வயலில் மேகம். ஜன்னலை விட்டு முகத்தைத் திருப்ப மனமே வரவில்லை, அதனால்தான் இடம் தவறினேன்.

பாலத்தடியில் இறங்குங்கள் என்று மலர்விழி சொல்லியிருந்தார். நடத்துநர் “பாலம்” என்று கத்தியதும் இறங்கிவிட்டேன். பஸ் போன பிறகுதான் தெரிந்தது, இந்த நாட்டில் கண்ணுக்கெட்டிய தூரத்துக்கு ஒரு வாய்க்கால், வாய்க்காலுக்கு ஒரு பாலம். என்னுடைய பாலம் அடுத்தது. வயலில் நட்டுக்கொண்டிருந்த பெண்களிடம் அஞ்சம்மாள் வீடு எது என்று கேட்டேன். ஒருவர் நாற்று முடியைத் தண்ணீரில் வைத்துவிட்டு, இடுப்பில் கைவைத்து எழுந்து, “அந்தா வரப்புல போவுது பாருங்க, அதுதான். இப்பதான் எங்களுக்கு டீ குடுத்துட்டுப் போவுது,” என்றார்.

பார்த்தேன். கையில் தூக்குச் சட்டியோடு ஓர் அம்மா போய்க்கொண்டிருந்தார். இடுப்புக்கு மேலே உடம்பு முன்னால் சாய்ந்து, கிட்டத்தட்டத் தரையைப் பார்த்தபடி இருந்தது. இடது கை இடது தொடையை ஊன்றியிருந்தது. கொஞ்ச தூரம் போவார், நிற்பார், வரப்போரப் பூவரசைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவார், மறுபடி போவார். இவராக இருக்காது என்று நினைத்தேன். அஞ்சம்மாளின் முதுகு எனக்கு மனப்பாடம். வாரக்கணக்கில் கணினித் திரையில் அதோடு குடியிருந்தவள் நான். அதில் சாய்வு உண்டு, ஆனால் இந்த அளவு இல்லவே இல்லை.

என் காலடி கேட்டு அவர் திரும்பினார். கைப்பையோடு அந்நியப் பெண் ஒருத்தி வருவதைப் பார்த்தார். அப்போது என் கண் முன்னால் அது நடந்தது. கை தொடையை விட்டது. முழங்கால் இரண்டும் புடவைக்குள் லேசாக மடங்கின. இடுப்பு பின்னால் உருண்டது, நெஞ்சு மேலே வந்தது, முந்தானை சரியானது. எக்ஸ்ரேயில் நான் பார்த்த அஞ்சம்மாள் அப்படியே என் எதிரில் நின்றார்.

“வாங்க வாங்க. மலேசியாக்காரம்மாதானே?” என்று சிரித்தார்.

வீடு சின்ன காங்கிரீட் வீடு, படு சுத்தம். மலர்விழி விடுப்பு எடுத்துச் சமைத்திருந்தார். வயல் நண்டுக் குழம்பு, விரால் வறுவல், பொன்னாங்கண்ணிக் கீரை. எங்கள் ஊர் மிளகாய் நண்டைப் பற்றி எல்லாரிடமும் பெருமை அடித்துக்கொள்பவள் நான். இந்தச் சின்ன நண்டின் குழம்பை முதல் கவளம் வாயில் வைத்ததும் அந்தப் பெருமை மறந்துபோனது. ஆனால் ரசித்துச் சாப்பிட முடியவில்லை. அஞ்சம்மாள் எனக்கு எதிரே சுவரோரம் நேராக நின்று பரிமாறச் சொல்லிக்கொண்டிருந்தார். நெற்றியில் வியர்வை கொட்டியது. உட்காருங்கள் அக்கா என்று எத்தனை முறை சொல்லியும் பரவாயில்லை என்றார்.

எக்ஸ்ரே எப்படி எடுத்தார்கள் என்று மெல்லக் கேட்டேன். மலர்விழி சொன்னார். நேராக நில்லுங்கள் என்று சொன்னார்களாம், அம்மா போலீஸ்காரர்போல நின்றாராம். “ஆஸ்பத்திரியில எப்பவுமே அம்மா நல்லா நிப்பாங்க மேடம். வீட்டுக்கு வந்துதான் ரெண்டு நாளு எந்திரிக்க மாட்டாங்க.” படம் இடுப்போடு முடிந்துவிடும். மடங்கிய முழங்கால் அதில் விழுந்திருக்காது.

ஏன் அக்கா, முடியாதபோது எதற்கு அப்படி நின்றீர்கள் என்று கேட்டேன். இவ்வளவு தெரிந்தவள் இதைக் கேட்கிறாளே என்பதுபோல அவர் பார்த்தார்.

“எங்கப்பா பண்ணையாளுங்க. பண்ணை வாசல்ல துண்ட இடுப்புல கட்டிக்கிட்டு குனிஞ்சுதான் நிப்பாரு. கணக்குப்புள்ள வந்தாலும் குனிவாரு. அத பாத்து பாத்து எனக்கு வெறுத்துப்போச்சு. நாத்துக்குக் குனிவேன், ஆளுக்குக் குனிய மாட்டேன்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன். தாலுக்கா ஆபீசு, பேங்கு, இவ படிச்ச பள்ளிக்கூடம், எங்க போனாலும் நிமிந்துதான் நிப்பேன். ஆஸ்பத்திரி மட்டும் என்ன?”

என் அப்பாவும் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியின் மேசை முன்னால் அப்படி நின்றவர்தான். எனக்கு அழுகை வந்தது. மிளகாய்க் காரம் என்று சொல்லித் தண்ணீர் வாங்கிக் குடித்தேன்.

பிறகு சொல்ல வேண்டியதைச் சொன்னேன். கம்பியின் வளைவு எக்ஸ்ரேயில் நின்ற ஆளுக்குப் போட்டது. அந்த ஆளுக்குக் கொஞ்சம் நிமிர்த்தினால் போதும். வரப்பில் நடந்து வந்தவருக்கு அது போதாது. இந்தக் கம்பியைக் கட்டினால் கம்பிதான் முதுகில் இருக்கும், உடம்பு குனிந்தபடியே இருக்கும். பஸ் ஸ்டாப்புக்குப் போகிற வழியில் பூவரசைப் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டியிருக்கும். மலர்விழி கணக்கு ஆசிரியை, உடனே புரிந்துகொண்டு முகம் வெளுத்தார். அஞ்சம்மாள் நின்ற இடத்திலிருந்து அசையவில்லை. அப்படியானால் ஆபரேஷன் இல்லையா என்று மட்டும் கேட்டார்.

நசீமாவுக்குத் தொலைபேசினேன். நாற்காலியை அவ்வளவு தூரம் தள்ளிப் போட்டும் என்னை ஏமாற்றிவிட்டாரே என்றார், கோபமில்லாமல். நாளைக்குக் கூட்டி வாருங்கள், களைக்கிற வரை நடக்கவிட்டு மறுபடி படம் எடுப்போம், அறுவையை நான் தள்ளிவைக்கிறேன் என்றார். ஒரு வார்த்தைகூடப் பழியை யார் தலையிலும் வைக்கவில்லை. மேலாளரிடமும் சொன்னேன். கம்பியில் கோளாறா என்று பதறினார். கம்பி அற்புதமாக இருக்கிறது, அது பொருந்துகிற ஆள்தான் இல்லை என்றேன். “அப்படியானால் இருக்கிற ஆளுக்கு வேறு செய்வோம், வா” என்றார். அவரைப் பற்றி இதற்கு முன் நான் எழுதியதில் கிண்டல் இருந்தால் அதைக் கழித்துக்கொள்ளவும்.

மூன்றாம் நாள் மருத்துவமனை நடைபாதையில் அஞ்சம்மாள் நடந்தார். மகள் ஒரு புறம், நான் ஒரு புறம். ஒவ்வொரு சுற்றிலும் மூச்சு கூடியது, புடவை நனைந்தது, ஆனால் எதிரே வெள்ளைக் கோட்டு வந்தால் முதுகு நிமிர்ந்தது. எக்ஸ்ரே அறைக்குள் போனதும் மறுபடி போலீஸ்காரர் ஆகிவிட்டார். உடம்பைத் தளர்த்துங்கள் என்று நசீமா கெஞ்சினார். முயற்சி செய்தார், உண்மையாகவே முயற்சி செய்தார். முடியவில்லை.

வெளியே பெஞ்சில் உட்கார வைத்தோம். நசீமா என்னிடமிருந்து கம்பியை வாங்கி அவர் மடியில் வைத்தார். அஞ்சம்மாள் அதைத் தடவிப் பார்த்தார். வெயிட்டே இல்லையே என்று ஆச்சரியப்பட்டார். யாருக்குச் செஞ்சது இது என்று கேட்டார்.

“எங்க முன்னாடி நிக்கிறீங்களே, அந்த அம்மாவுக்குச் செஞ்சதுங்க,” என்றார் நசீமா. “அவங்களுக்கு நான் ஒண்ணும் செய்ய வேண்டியதில்ல, நல்லாத்தான் இருக்காங்க. வரப்புல போறவங்களுக்குத்தான் நான் ஆபரேஷன் பண்ணணும். அவங்கள நான் இன்னும் பாக்கவே இல்ல.”

அஞ்சம்மாள் கம்பியை நசீமாவிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு, “நீங்க பாக்கணுமா, மிஷின் பாத்தாப் போதுமா?” என்று கேட்டார்.

நசீமாவுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. எக்ஸ்ரே அறைக்கும் இயக்குபவர் நிற்கும் இடத்துக்கும் நடுவே ஒரு கண்ணாடி இருக்கிறது. அறுவை அரங்கிலிருந்து பச்சைத் துணி ஒன்றை வரவழைத்து, நாற்காலிமேல் ஏறி, தானே அந்தக் கண்ணாடியை மறைத்து ஒட்டினார். எக்ஸ்ரே எடுப்பவர், நோயாளியைப் பார்க்காமல் எப்படி டாக்டர், வழக்கமில்லையே என்றார். இன்றைக்கு அவர் சொல்லும்போது எடுப்போம் என்றார் நசீமா. முழங்காலை மட்டும் மடக்க வேண்டாம், கை இரண்டும் நெஞ்சுமேல் இருக்கட்டும், மற்றபடி உங்கள் இஷ்டம் என்று அஞ்சம்மாளிடம் சொல்லி, விழுவதுபோல இருந்தால் பிடிக்கப் பக்கத்தில் கைப்பிடியைக் காட்டிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

துணிக்கு இந்தப் பக்கம் நாங்கள் நான்கு பேர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். உள்ளே சத்தமே இல்லை. மலர்விழி என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார், வலித்தது. அப்புறம் உள்ளிருந்து நீளமாக ஒரு பெருமூச்சு கேட்டது. தலையிலிருந்து பெரிய சுமையை இறக்கி வைக்கும்போது வருமே, அந்த மூச்சு.

“ம். எடுத்துக்குங்க.”

படம் திரையில் எழுந்தது. நான் வரப்பில் பார்த்த அஞ்சம்மாள், எலும்பெலும்பாக. மலர்விழி வாயைப் பொத்திக்கொண்டார். கூடவே இருந்த மகளுக்கே இவ்வளவு என்று தெரிந்திருக்கவில்லை. நசீமா அளவுகோலை எடுத்து வேலையைத் தொடங்கினார். கதவு திறந்தது. அஞ்சம்மாள் நிமிர்ந்து நடந்து வெளியே வந்தார். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. துணியை நசீமாவே கழற்றி மடித்து வைத்தார். எத்தனையோ பெரிய மருத்துவர்களோடு வேலை செய்திருக்கிறேன், இப்படி ஒருவரைப் பார்த்ததில்லை.

பழைய கம்பிகளோடு ஈப்போ திரும்பினேன். புதியவற்றுக்கு வளைவு அதிகம், நீளம் கூடுதல், எலும்புகளுக்கு நடுவே வைக்கும் துண்டுகளையும் அவர் எலும்பின் மேடுபள்ளத்துக்கு ஏற்ப முப்பரிமாணத்தில் அச்சிட்டோம். இந்த முறை நான் போகவில்லை, கம்பிகள் போயின. அறுவை நாள் முழுக்க நடந்தது என்று நசீமாவிடமிருந்து செய்தி வந்தது. கூடவே, கச்சிதமாக உட்கார்ந்தது என்று இரண்டு வார்த்தை. அதன் பிறகு மாதக்கணக்கில் நல்ல செய்தியும் இல்லை, கெட்ட செய்தியும் இல்லை. வலி, பிடித்து நடக்கும் வண்டி, பத்தடி, இருபதடி என்று மலர்விழி எழுதுவார். இத்தனை வயதில் இவரை இதற்குள் தள்ளிவிட்டோமோ என்று பல நாள் வேலையில் மனம் ஓடவில்லை.

வாய்க்காலில் புதுத் தண்ணீர் வந்த நாளில் மலர்விழி காணொளியில் அழைத்தார். பின்னால் சாலை, பாலம், பஸ் ஸ்டாப். எங்கேயும் உட்காரவில்லை மேடம் என்று மூச்சிரைக்கச் சொல்லிவிட்டுக் கைபேசியைத் திருப்பினார். அஞ்சம்மாள் சாலையோரம் நின்றுகொண்டிருந்தார், தண்ணீரைப் பார்த்தபடி. நான் கூப்பிடுவதை அவர் கவனிக்கவில்லை. தொழில் புத்தி, என் கண் முழங்காலுக்குத்தான் போனது. புடவை காற்றில் ஒட்டியிருந்தது, கால் மடங்கவில்லை. இருந்தாலும் எனக்குச் சந்தேகம் தீரவில்லை. அம்மா எனக்காக ரொம்பக் கஷ்டப்பட்டு நிமிர்ந்து நிற்க வேண்டாம் என்று சொல்லுங்கள் என்றேன்.

அது அவர் காதில் விழுந்துவிட்டது. திரும்பிப் பார்த்தார், கைபேசியை மகளிடமிருந்து வாங்கினார். முகம் திரை முழுக்க வந்தது.

“நான் எங்கேம்மா நிமிந்து நிக்கிறேன்? சும்மா நின்னுக்கிட்டு இருக்கேன்.”